எங்கட பகுதிக்கு ஒரு வானொலி: எப்பிடித் தொடங்குறது, எப்பிடி நிலைக்க வைக்கிறது?

எழுவான்கரைப்பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஏழு பேர், மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம். ரெண்டு பேர் ஆசிரியர், ஒராள் வயரிங் வேலை, ஒரு தங்கச்சி கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிறா, மிச்சப் பேர் கடையும் தோட்டமும். ஒரு வருசமாக் கதைச்சு இப்பதான் முடிவுக்கு வந்திருக்கம். எங்கட பகுதிக்கெண்டு ஒரு றேடியோ வேணும்.

கொழும்பிலருந்து வாற தமிழ்ச் சேவைகளைக் குறை சொல்ல வரல்ல. நாங்களும் அதுகளைக் கேட்டுத்தான் வளந்தம். ஆனா போன மாரியில வீட்டு வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கக்குள்ள, றேடியோவில "கிழக்கு மாகாணத்தில் மழை பெய்யக்கூடும்" எண்டு சொல்லிட்டுப் பாட்டுப் போட்டாங்க. குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) மண்டூருக்கு ஓடுதா இல்லையா, வெல்லாவெளி வீதியில எந்த இடத்தால தண்ணி பாயுது, எந்தப் பள்ளிக்கூடத்தில சோறு குடுக்கிறாங்க, இதொண்டும் அதில வரல்ல. வட்ஸ்அப்பில வந்துது. பாதி பொய்.

எங்களிட்ட இருக்கிறது ஒரு அறை, ரெண்டு மைக், ஒரு பழைய லெப்டொப், சேத்த காசு மூண்டு லட்சம். லைசன் எடுக்கிறது எப்பிடி? என்ன மெசின் வேணும்? மாசச் செலவுக்கு என்ன வழி? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்க.

கோபுரவேலை:

தம்பி, நான் ஒலிபரப்புக் கோபுரங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆசை நல்லது. ஆனால் மெசினைப் பற்றிக் கேட்பதற்கு முன் அனுமதியைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும்.

எப்.எம். அலைவரிசையில் ஒலிபரப்ப இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். ஊடக அமைச்சின் அனுமதிப்பத்திரம் ஒன்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தரும் அலைவரிசை ஒதுக்கீடு மற்றது. இன்னும் அடிப்படையாக இருப்பது 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம்தான். ஊர்ச் சங்கமொன்று நடத்தும் சிறிய வானொலிக்கென்று நம் நாட்டில் தனியான அனுமதி வகை கிடையாது. 1981இல் மகாவலிப் பகுதியில் தொடங்கியதும், 1989இல் கொத்மலையில் தொடங்கியதும் நல்ல சமூக வானொலிகள். ஆனால் இரண்டும் அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான் நடந்தன. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இணையத்தில் விற்கும் சின்ன ட்ரான்ஸ்மிட்டரை வாங்கிக் கூரையில் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சட்டவிரோதம். அது மட்டுமல்ல, வடிகட்டி சரியில்லாத மெசின் 108 மெகாஹேர்ட்ஸ் தாண்டிக் கசியும். அதற்கு மேலேதான் விமானங்களின் அலைவரிசை இருக்கிறது. மட்டக்களப்பில் விமான நிலையம் இருப்பதை மறக்கக்கூடாது.

மெசின் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மற்றவர்களும் சொல்லட்டும்.

தூரத்துப்பொடியன்:

நான் களுதாவளை, இப்ப கனடா. ஏன் தம்பி எப்.எம்.முக்கு அலையிறீங்க? இணைய வானொலி ஒண்டு தொடங்குங்க. ஒரு சேர்வர், ஒரு அப், முடிஞ்சுது. நாங்களும் இஞ்சருந்து கேப்பம், காசும் அனுப்புவம்.

வட்டைக்காவல்:

தூரத்துத் தம்பி கோவிக்கக்கூடா. நான் வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்யிறவன். கதிர் முத்துற நாளையில ராவைக்கு வட்டையில (வயல்வெளியில) வாடி போட்டு யானைக்குக் காவல் இருக்கம். அங்க போன்ல ஒரு கோடு வரும், மறுகா போயிடும். டேட்டாக் காசு வேற. என்ர கையில இருக்கிறது ரெண்டு பற்றி போட்ட சின்ன றேடியோ. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பற்றி மாத்துவன். 2022ல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் வீட்டில ஒரே வெளிச்சமும் ஒரே சத்தமும் அதுதான். கனடாவுக்குக் கேக்கோணுமா, வெல்லாவெளிக்குக் கேக்கோணுமா எண்டு முதல்ல முடிவெடுங்க.

கோபுரவேலை:

வட்டைக்காவல் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. செக்கனுக்கு 64 கிலோபிற் வேகத்தில் விட்டால் ஒரு மணித்தியாலம் கேட்க ஏறத்தாழ 29 மெகாபைற் போகும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் கேட்பவருக்கு மாதம் நாலு கிகாபைற்றுக்கு மேல். நகரத்தில் இருப்பவருக்கு இது ஒன்றுமில்லை. நாட்கூலிக்குப் போகும் வீட்டில் அது பிள்ளையின் பாடத்துக்கு வைத்திருக்கும் டேட்டா. எப்.எம்.மில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கேட்பவருக்குச் செலவில்லை, நிலையத்துக்கும் ஒரே செலவுதான்.

ஆனாலும் அனுமதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இணையத்தில் தொடங்கிப் பழகலாம். அம்பாறைக் கரையோரத்துக்குக் கூட்டுத்தாபனம் பிறை எப்.எம். என்றொரு சேவையைத் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட பிராந்தியச் சேவையில் வாரத்துக்கு அரை மணித்தியாலம் நிகழ்ச்சி செய்து தரக் கேட்டுப் பாருங்கள். அனுமதிக்குப் போகும்போது "எங்களுக்கு ஆசை" என்று சொல்வதை விட "ஒரு வருடமாக இதைச் செய்திருக்கிறோம், ஒலிப்பதிவு இதோ" என்று சொல்வது பலம்.

இடைக்கால_அறிவிப்பாளர்:

இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சிட்டு எழுதாம இருந்தன். எழுதாட்டி நெஞ்சு ஆறாது.

சுனாமிக்குப் பிறகு எங்கட மாவட்டத்தில நடந்த ஒரு சின்ன ஒலிபரப்புத் திட்டத்தில நான் ரெண்டு வருசம் அறிவிப்பாளர். பேர் சொல்லத் தேவையில்ல, இப்ப அது இல்ல. நல்ல மைக், குளிரூட்டின அறை, கண்ணாடி, எல்லாம் இருந்துது. காசு வெளியிலருந்து வந்துது. மாசம் இத்தனை விழிப்புணர்வு நிகழ்ச்சி செய்யோணும் எண்டு கணக்கு. டெங்குக்கு எட்டு, கைகழுவுறதுக்கு நாலு. நாங்க செய்து முடிச்சு அறிக்கை எழுதுவம். ஆராச்சும் கேட்டாங்களா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நாங்களும் கேக்கல்ல.

ஒரு நாள் வயசான அப்பா ஒராள் சைக்கிளில வந்து, தன்ர மனிசி செத்துப்போனா, மகள் பொத்துவில்ல கட்டியிருக்கா, அறிவிச்சு விடுங்க எண்டு கேட்டார். மரண அறிவித்தல் எங்கட திட்டத்தில இல்ல எண்டு பொறுப்பாக இருந்தவர் திருப்பி அனுப்பிட்டார். அந்த அப்பா ஒண்டும் பேசல்ல. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த வாசலை அதுக்குப் பிறகு ஊராக்கள் மிதிச்சது குறைவு. திட்டக்காசு முடிஞ்ச மாசமே நிலையமும் முடிஞ்சுது. அன்டெனாவை உப்புக்காத்து திண்டுது.

தம்பி, நீங்க தொடங்கினா முதல் நாளிலருந்தே மரண அறிவித்தல் போடுங்க. காசில்லாதவருக்குச் சும்மா போடுங்க. ஆர் செத்தது, எத்தினை மணிக்கு எடுக்கிறாங்க, எந்தச் சுடலை, எந்த மையவாடி. எங்கட ஊரில ஒரு மனிசன் பத்துக் கட்டை தள்ளியிருக்கிற சொந்தத்தைக் கடைசியாப் பாக்கிறதா இல்லையா எண்டது அந்த ஒரு அறிவித்தல்ல இருக்கு.

இன்னொண்டும் சொல்லோணும், இது என்ர பிழை. வெள்ள நேரம், ராத்திரி பத்து மணி இருக்கும். ஒராள் போன் எடுத்துக் குளம் ஒண்டு உடைஞ்சிட்டு எண்டார். குரல்ல பதற்றம். நான் ஒருத்தரிட்டயும் கேக்காம மைக்கைத் திறந்து சொல்லிட்டன். குளம் உடையல்ல. வான் பாஞ்சது (நிரம்பி வழிஞ்சது) மட்டும்தான். ஆனா சனம் இருட்டுக்குள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினதுகள். ஒரு அம்மா வாய்க்கால்ல விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடந்தா. நான் போய்ப் பாத்தன். அவ என்னை ஏசல்ல. "நீ சொன்னாப் பொய் இருக்காது எண்டு ஓடினன் மனே" எண்டா.

அந்தச் சொல்லை இண்டு வரைக்கும் காதுக்குள்ள வச்சிருக்கன். அதால நான் சொல்ற சட்டம் ஒண்டுதான். குளம், கடல், வீதி, கலவரம் இதில எந்தத் தகவலெண்டாலும் ரெண்டு வேற வேற ஆக்கள் உறுதி சொல்லாம மைக் திறக்கக்கூடா. அதில ஒராள் பொறுப்பான அதிகாரியா இருக்கோணும். பிரதேச செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட 117, இந்த இலக்கங்கள் சுவரில ஒட்டியிருக்கோணும். அந்த அதிகாரிமாரோட வெயில் காலத்திலயே பழகி வைக்கோணும். வெள்ளத்துக்குள்ள புதுசாப் போன் எடுத்தா ஆர் நீ எண்டுதான் கேப்பாங்க.

எழுவான்கரைப்பொடியன்:

அக்கா, இதை எங்கட ஏழு பேருக்கும் வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கல்ல. மரண அறிவித்தல் எங்கட பட்டியல்லயே இருக்கல்ல. இப்ப முதலாவதா எழுதியிருக்கம்.

மருதமுனைத்தறி:

நான் மருதமுனை. கைத்தறியில இருக்கிற ஆள். காலையில தறியில குந்தினா கை ரெண்டும் கால் ரெண்டும் வேலையில, கண் நூல்ல. காது மட்டும்தான் சும்மா இரிக்கி. எங்கட ஊரில நெசவு செய்ற பொம்புளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். மாவரைக்கிற கடை, தையல் கடை, அரிசி ஆலை, ஓட்டோ, எல்லா இடமும் காது சும்மா இருக்கிற இடம். அந்தக் காதுக்கு என்ன தாறீங்க எண்டதுதான் என்ட கேள்வி.

இப்ப என்ன வருது? "ஹலோ, எங்க இருந்து பேசுறீங்க, இன்னைக்கு என்ன சமையல், இந்தப் பாட்டு யாருக்கு?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. கேக்கிற பிள்ளை எங்கட ஊர்ப் பிள்ளைதான், ஆனா சென்னைப் படத்தில வாற மாதிரிக் கதைக்குது.

எனக்கு வேண்டியதைச் சொல்றன். நூல் விலை. கல்முனைச் சந்தையில இண்டைக்கு மரக்கறி என்ன விலை. எந்த நாள் எந்த வைத்தியர் கிளினிக் வாறார். பிள்ளை சோதினைக்குப் படிக்கக்குள்ள விளங்காத கணக்கை ஒரு ஆசிரியர் ஆறுதலாச் சொல்லிக் குடுக்கிற நிகழ்ச்சி. எங்கட கவி பாடத் தெரிஞ்ச வயசான உம்மாமார் நாலு பேர் இன்னும் இரிக்காங்க. அவங்கட குரலை ஒருத்தரும் பதியல்ல. அவங்க மௌத்தானா அதுவும் போயிடும்.

அதோட, உங்கட ஏழு பேரில ஒரு முஸ்லிம் ஆள் இரிக்காரா தம்பி? களுவாஞ்சிகுடியில கோபுரம் போட்டா கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் கேக்கும். நோம்பு திறக்கிற நேரமும் கண்ணகி அம்மன் குளிர்த்தியும் தேவாலயத் திருநாளும் ஒரே றேடியோவில வரப்போகுது. அதைப் படிக்கிற ஆள் ஒரே பக்கத்து ஆளா இருந்தா, எவ்வளவு நல்ல மனசோட படிச்சாலும் மத்தப் பக்கம் விருந்தாளி மாதிரித்தான் உணரும். "சகோதர இனம்" எண்ட சொல்லை நான் றேடியோவில எத்தனையோ தரம் கேட்டிருக்கன். வீட்டுக்குள்ள இருக்கிற சகோதரனை ஆரும் அப்படிக் கூப்பிடுறதில்ல.

எழுவான்கரைப்பொடியன்:

ராத்தா, இல்ல. ஏழு பேரும் தமிழ். நீங்க கேட்ட பிறகுதான் எங்களுக்கே அது உறைச்சுது. சரியான வெக்கமா இருக்கு. இதை மாத்தாம அடுத்த அடி வைக்கமாட்டம்.

கூத்துக்களரி:

நான் கல்லடி. ராத்தா சொன்ன மொழி விசயத்தில ஒரு வார்த்தை. செய்தியை எழுத்துத் தமிழில வாசிக்கட்டும், அதுக்கு ஒரு நிதானம் வேணும். இலங்கை வானொலியில எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றவங்க அந்தத் தமிழை எவ்வளவு அழகா உச்சரிச்சாங்க எண்டு எங்கட அப்பா சொல்லி முடிக்கமாட்டார். ஆனா கதைக்கிற நிகழ்ச்சி எங்கட பேச்சில இருக்கோணும். "வெள்ளாமை", "வட்டை", "மறுகா", "வா கா" எண்டு கதைக்கிற ஒரு அப்பா நிலையத்துக்குப் போன் எடுத்தா, அறிவிப்பாளர் அவரைத் திருத்தக்கூடா. திருத்தினா அவர் திரும்ப எடுக்கமாட்டார்.

கூத்து பற்றி: வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு கூத்து முறையையும் களரியிலயே பதிஞ்சு போடலாம். விடிய விடிய ஆடுற கூத்தை அப்பிடியே போட ஏலாது. வரவுப்பாட்டு, தர்க்கப்பாட்டு எண்டு பிரிச்சு, கதையைச் சொல்லி, கால் மணித்தியாலத் துண்டுகளாப் போடுங்க. மத்தளமும் சல்லரியும் குரலை மூடாமப் பதியிறதுக்கு கூத்தைப் பழக்கி நடத்துற அண்ணாவியாருக்குப் பக்கத்தில ஒரு மைக், ஆட்டக்காரருக்கு மேல ஒரு மைக் வேணும். அண்ணாவியாரிட்ட எழுத்தில சம்மதம் எடுக்கோணும், ஒரு தொகையும் குடுக்கோணும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் சினிமாப் பாட்டுக்கு மட்டுமில்ல, ஆட்டக்காரருக்கும் உரிமை குடுக்குது. கோயில் வாசல்ல போனால பதிஞ்சு போட்டுட்டு "பாரம்பரியத்தை வளக்கிறம்" எண்டு சொல்றது அந்த மனிசரை மதிக்கிறதில்ல.

பாட்டுப்பிரியன்:

எல்லாம் சரி, சினிமாப் பாட்டு இல்லாம ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கூத்தும் சந்தை விலையும் வச்சு ஒரு நாள் முழுக்க ஓட்டுவீங்களா? முதல்ல காதைப் பிடியுங்க.

இடைக்கால_அறிவிப்பாளர்:

பாட்டு வேணாமெண்டு நான் சொல்லல்ல தம்பி. பாட்டு மட்டும் வச்சுக் கொழும்புச் சேவைகளோட போட்டி போட ஏலாது எண்டுதான் சொல்றன். அவங்களிட்ட பாட்டும் கூட, ஆக்களும் கூட, மெசினும் பெரிசு. இப்ப பொடியன்மாரிட்ட போனிலயே ஆயிரம் பாட்டு இருக்கு. அவங்களிட்ட இல்லாதது எங்கட ஊர்.

எந்த நேரம் ஆர் கேப்பாங்க எண்டு யோசிச்சு அடுக்குங்க. விடியப்புறம் நாலு மணிக்கு கடலுக்குப் போறவங்க: காத்து எந்தப் பக்கம், அலை எப்பிடி. ஐந்தரைக்கு வெள்ளாமைக்காரர்: எந்த வாய்க்கால்ல தண்ணி விடுறாங்க, எங்க யானை வந்துது, கமநல சேவை நிலையத்தில உரம் வந்திட்டா. ஆறரைக்குப் பள்ளிக்கூடம் போற வீடு: பஸ், பாதை, மழை. ஒம்பது தொடக்கம் பன்னிரண்டு வரைக்கும் ராத்தா மாதிரித் தறியிலயும் தையல்லயும் இருக்கிறவங்க. அவங்களுக்கு ஆறுதலான நீட்டுக் கதை, வைத்தியர், பாட்டு. பின்னேரம் பிள்ளைகள். ராவைக்கு பழைய பாட்டும் கூத்தும், வட்டைக் காவல்காரருக்கும் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையை நினைச்சு நித்திரை இல்லாத தாய்மாருக்கும்.

இருபத்துநாலு மணித்தியாலம் ஓட்டோணும் எண்டு தொடங்காதீங்க. காலையில மூண்டு மணித்தியாலம், பின்னேரம் ரெண்டு. ஆனா ஐந்தரை எண்டா ஐந்தரை. மழை பெஞ்சாலும், வீட்டில கலியாணம் எண்டாலும், ஐந்தரைக்குக் குரல் வரோணும். ஒரு கிழமை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினா, சனம் அந்த றேடியோவுக்கு மணிக்கூடு வைக்காது.

கொத்மலை வானொலியில ஒரு வேலை செய்தாங்க, எனக்குச் சரியான விருப்பம். 1990களின்ட கடைசியில, இன்ரநெற் எண்டா என்னண்டு ஊருக்குத் தெரியாத காலம். கேக்கிறவங்க கேள்வி அனுப்புவாங்க. நிலையத்தில இன்ரநெற்றில தேடி, தெரிஞ்ச ஒராளை வச்சு விளக்கி, அவங்கட மொழியில சொல்லுவாங்க. இப்ப எல்லார் கையிலயும் போன் இருந்தாலும் அந்த வேலை முடியல்ல. எது மெய், எது பொய் எண்டு தேடிச் சொல்ற ஆள் இப்பதான் கூடத் தேவை.

வட்டைக்காவல்:

அக்கா சொன்ன ஐந்தரை நிகழ்ச்சிக்கு நான் ஒரு பெரிய விசயம் தாறன். முகத்துவாரம்.

வெளியூர் ஆக்களுக்குச் சொல்றன். மாரி மழையில ஆறு நிரம்பினா படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள போகும். ஆத்துவாயை மண் அடைச்சிருக்கும். வெட்டிவிட்டாத் தண்ணி கடலுக்குப் போகும், வெள்ளாமை தப்பும். ஆனா முந்தி வெட்டினா ஆத்து மீனும் இறாலும் தண்ணியோட கடலுக்குப் போயிடும், தோணிக்காரர் வயித்தில அடி. நாங்க வெட்டு எண்டுவம், அவங்க பொறு எண்டுவாங்க. ஒவ்வொரு மாரியும் இந்தச் சண்டை. கூட்டம் போடுவாங்க. கூட்டத்துக்குப் போறது சங்கத் தலைவர்மார் மட்டும். மிச்சப் பேருக்கு வட்ஸ்அப்பில ஒருத்தரை ஒருத்தர் ஏசுற வொய்ஸ்தான் வரும்.

ஒரு றேடியோ இருந்தா என்ன செய்யலாம்? கார்த்திகைக்கு முந்தியே ஒரு வெள்ளாமைக்காரன், ஒரு தோணிக்காரன், நீர்ப்பாசனப் பொறியியலாளர், மீன்பிடித் திணைக்கள அதிகாரி, நாலு பேரையும் ஒரு மேசையில இருத்துங்க. நீர்மட்டம் எவ்வளவு வந்தா வெட்டுறது எண்டு சனம் கேக்கக் கதைக்கட்டும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு இண்டைக்கு நீர்மட்டம் இவ்வளவு எண்டு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம். என்ர வயலுக்குத் தண்ணி வரப்போகுதா எண்டு எனக்கு முந்தின நாள் தெரிஞ்சாப் போதும், எருவையும் தண்ணிப் பம்பையும் மேட்டுக்குத் தூக்கிடுவன். தோணிக்காரனுக்கும் அப்பிடித்தான், அவன் வலையை எடுத்திடுவான்.

கடலோரத்தான்:

நான் மற்றப் பக்கம், பெரியகல்லாறு. வட்டைக்காவல் அண்ணன் சொன்னது நியாயம். அந்த மேசைக்கு நான் வாறன். தமிழ்நாட்டுப் பாம்பன்ல 2016ல தொடங்கின கடல் ஓசை 90.4 றேடியோவை முழுக்க மீனவருக்கெண்டே நடத்துறாங்க. அங்க ஏலுமெண்டா இஞ்ச ஏன் ஏலாது?

கரைப்பற்றுவிளம்பரம்:

காசு பற்றி ஒருத்தரும் கதைக்கல்ல, அதால நான் கதைக்கிறன். அக்கரைப்பற்றில பதினாலு வருசமா விளம்பர வேலை.

மூண்டு லட்சத்தை மெசினில போட்டு முடிக்காதீங்க. பாதியைத் தொடாம வைங்க, அது ஆறு மாசக் கரண்டும் வாடகையும். 300 வாட் ட்ரான்ஸ்மிட்டர் ஒண்டு சுவரிலருந்து 500 வாட் அளவில இழுக்கும். நாளைக்கு பதினெட்டு மணித்தியாலம் ஓடினா ஒம்பது யூனிட், மாசம் 270 யூனிட், அதுக்கு மேல அறைச் செலவு. மழைக்கு ஜெனரேட்டர் வேற.

வருமானம் எங்க? பெரிய கொம்பனி விளம்பரம் உங்களுக்கு வராது, அவங்க கொழும்பிலயே பேசி முடிச்சிடுவாங்க. உங்கட ஆக்கள் அரிசி ஆலை, ஹாட்வெயார், நகைக்கடை, டியூசன், பல் வைத்தியர், உழவு மெசின் பாட்ஸ். இவங்களுக்கு முப்பது செக்கன் துண்டு விக்கிறதை விட ஒரு நேரத்தை விக்கிறது லேசு. "இண்டைய நீர்மட்டத்தைத் தாறவர்கள்" எண்டு ஒரு ஆலைக்காரரின்ட பேர் தினம் வந்தா, அவர் அதை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கமாட்டார். விலையை எழுதி ஒட்டுங்க. மச்சானுக்கு ஒண்டு, மாமாவுக்கு ஒண்டு எண்டு போனா ஒரு மாசத்தில தெரிஞ்சிடும்.

கடன் விளம்பரம் குடுக்காதீங்க. நான் கண்ட சின்ன நிலையங்கள் கேக்க ஆள் இல்லாம விழல்ல. கேட்டாங்க, விளம்பரமும் ஒலிபரப்பாச்சு, காசு மட்டும் வரல்ல. பாதிக் காசு முற்பணம்.

இன்னொண்டு, எந்த ஒரு ஆளிட்டருந்தும் மொத்த வருமானத்தில கால்வாசிக்கு மேல வாங்காதீங்க. அது அரசியல்வாதியா இருந்தாலும், வெளிநாட்டு அமைப்பா இருந்தாலும், கோயிலா, பள்ளிவாசலா இருந்தாலும். தேர்தல் நேரம் எல்லாக் கட்சிக்கும் ஒரே விலை, ஒரே நேரம், எழுத்தில.

தூரத்துப்பொடியன்:

விளம்பர வேலை செய்யிற காக்கா (அண்ணன்) சொன்ன கால்வாசிக் கணக்கு எங்களுக்கும் பொருந்தும். நாங்க அனுப்புற காசும் அதுக்கு மேல போகக்கூடா. வட்டைக்காவல் அண்ணன் சொன்னதை நான் யோசிச்சன். இணையம் எங்களுக்கு, எப்.எம். ஊருக்கு. நாங்க கேக்கிறதுக்காக ஊரின்ட நேரத்தை மாத்தவேணாம்.

கோபுரவேலை:

இப்போது மெசின்.

புதியவர்கள் வாட் வாட் என்று கேட்பார்கள். உயரத்தைக் கேளுங்கள். அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அலை போய்ச்சேரும் அடிவானம் கிலோமீற்றரில் வரும். 30 மீற்றருக்கு 22 கிலோமீற்றர் சொச்சம், 60 மீற்றருக்கு 32 அளவில். சக்தியை 100 வாட்டில் இருந்து 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரத்துக் கிராமத்தில் 6 டெசிபெல் அளவு கூடும், அதாவது நாலு மடங்கு சக்திக்குச் சமம். நம் கரையோரம் தட்டையான நிலம். மலைநாட்டுக்காரருக்கு இல்லாத வசதி இது.

அடுத்தது கேபிள். ஆர்.ஜி. 213 வகைக் கேபிளை 50 மீற்றர் ஓடவிட்டால் ஏறத்தாழ பாதிச் சக்தி வழியிலேயே சூடாகப் போய்விடும். அரை அங்குல நுரைக் கேபிள் போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். விலை கூட, ஆனால் இன்னொரு மெசின் வாங்குவதை விட மலிவு.

நம் இடத்தின் எதிரி உப்புக்காற்று. நாகமுலாம் பூசாத ஒரு போல்ட் கூடக் கோபுரத்தில் இருக்கக்கூடாது. இழுகம்பிகளை வருடத்துக்கு இரண்டு முறை, கட்டாயம் மாரிக்கு முன், ஏறிப் பார்க்க வேண்டும். கேபிள் இணைப்பில் ஈரம் புகுந்தால் திருப்பி வரும் சக்தி கூடும், மெசின் எரியும். இடிதாங்கியும் ஆழமான செப்புப் பூமிக்கம்பியும் இல்லாமல் ஐப்பசியைத் தாண்டாதீர்கள். மெசின் அறை 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் மனதில் வைத்துக் கட்டிய உயரத்தில் இருக்கட்டும். மெசினைத் தரையில் வைத்து வெள்ளத்தில் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவில் விட்டால் வட்டைக்காவலின் சின்ன றேடியோவில் இரைச்சல் குறையும், எல்லையும் நீளும். அறைக்குள் நல்ல டைனமிக் மைக் ஒன்று, சுவருக்குத் தடித்த துணியும் பழைய மெத்தையும், ஒலிமட்டத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஒன்று. ஒலிப்பதிவுக்கு ஓடாசிட்டி இலவசம். முட்டைத் தட்டை ஒட்டாதீர்கள். சத்தத்தை அது மறிக்காது, தீ மட்டும் பிடிக்கும்.

மருதமுனைத்தறி:

ஒண்டு மட்டும் சொல்லிட்டுப் போறன். 2024 நவம்பர் வெள்ளத்தில மாவடிப்பள்ளியில உழவு மெசினோட தண்ணி இழுத்துப் போன மதரசாப் பிள்ளைகளை எங்கட பக்கம் ஒருத்தரும் மறக்கல்ல. றேடியோ இருந்திருந்தா எண்டு நான் சொல்ல மாட்டன், அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனா எந்த வீதியால தண்ணி போகுது, எந்த வீதியால போகக்கூடா எண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சொல்ற ஒரு குரல் எங்களுக்கு வேணும். அதைத் தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒரே நேரம் ஒரே குரல்ல கேக்கோணும். அதுக்கு என்ட பங்கு என்ன எண்டு சொல்லுங்க. என்ட மகள் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் முடிச்சிட்டு வீட்டில இரிக்கா. நல்லாக் கதைப்பா.

எழுவான்கரைப்பொடியன்:

நேத்து ராவைக்கு இருந்து கதைச்சம். முடிவு இதுதான்.

இப்ப மெசின் வாங்கல்ல. சங்கமாப் பதியிறம், ராத்தாவின்ட மகளும் கல்முனையிலருந்து இன்னும் ரெண்டு பேரும் நிர்வாகத்தில வாறாங்க. வாற மாசம் முதலாம் திகதியிலருந்து ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு எட்டு நிமிச ஒலிப்பதிவு ஒண்டு, இணையத்திலயும் வட்ஸ்அப்பிலயும். மரண அறிவித்தல், பாதை, வீதி, நீர்மட்டம், கடல், சந்தை. அறிவிப்பாளர் அக்கா ரெண்டு சனிக்கிழமை வந்து பழக்கித் தாறன் எண்டிருக்கா. கோபுரவேலை ஐயா இடம் பாக்க வாறார். பிராந்தியச் சேவைக்கும் கடிதம் எழுதிட்டம். ஒரு வருசம் இதைத் தவறாமச் செய்துட்டு, அந்தப் பதிவுகளைக் கொண்டு லைசனுக்குப் போவம்.

இப்ப உடனடியா வேண்டியது: குருமண்வெளிப் பாதையும் அம்பிளாந்துறைப் பாதையும் ஓடுதா எண்டு விடிய ஐந்து மணிக்கு முந்திச் சொல்லக்கூடிய ஆக்கள். ஒவ்வொரு துறைக்கும் ரெண்டு பேர்.

கடலோரத்தான்:

என்ர மாமா குருமண்வெளித் துறையில. நாலரைக்கே அங்க நிப்பார். ஒராள் அவர். மற்ற ஆளை மண்டூர்ப் பக்கத்தில தேடுங்க.

வட்டைக்காவல்:

மண்டூர்ப் பக்கம் நான் சொல்றன். வாடியிலருந்து வீட்டுக்குப் போற வழி அதுதான்.